களக்காடு முண்டந்துறையில் பறவையும் விலங்கும் பார்க்க: முதன்முறை போகிறவர்களுக்கு

காட்டுக்குப் போய் வந்தேன் என்றால் ஊரில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "புலி பார்த்தீர்களா?" என்பதுதான். களக்காடு முண்டந்துறைக்குப் போகிறவர்கள் அந்தக் கேள்வியை அம்பாசமுத்திரத்திலேயே இறக்கி வைத்துவிட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் திருநெல்வேலிப் பக்கம் 1988இல் அறிவிக்கப்பட்ட இது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். புலி இருக்கிறது. ஆனால் மேல்மலையில் இருப்பது பசுமை மாறாக் காடு. தலைக்கு வெகு உயரத்தில் கிளையும் கிளையும் கோத்து நிற்கும். கீழே பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாது. வண்டியில் சுற்றிச் சுற்றிப் புலி தேடுகிற இடமல்ல இது. இங்கே வேண்டியது ஒரே பழக்கம்: குறைவாக நடப்பது, நெடுநேரம் ஓரிடத்தில் இருப்பது. அதிலும் பழுத்து நிற்கும் ஒரு மரத்தைக் கண்டுபிடித்து அதன் எதிரே உட்காரத் தெரிந்துவிட்டால், பறவையும் விலங்கும் தாமே வந்து சேரும். அப்படி உட்காருவதற்கு உங்களைத் தயார்செய்துகொள்வது எப்படி என்பதையே இங்கே பெரும்பாலும் சொல்லப்போகிறேன்.

மலைக்கு முன்பு குளம்

நேராகக் காட்டுக்குப் போகாதீர்கள். இலைக்கூட்டத்தின் நடுவே அரை நொடி தெரிந்து மறையும் பறவையில் பழக ஆரம்பித்தால் மனம் விட்டுப்போகும். திருநெல்வேலிச் சீமையில் பழகுவதற்கு நல்ல இடங்கள் நிறைய இருக்கின்றன. நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்த இடம். சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் பெரிய உடம்புக்காரப் பறவைகள், ஓரிடத்தில் நிற்பவை, பார்க்க அவகாசம் தருபவை. குளிர்காலத்தில் வரித்தலை வாத்தும் வரும். ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டியிருக்கும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்துவிடுகிற ஊர் அது. மரத்தடியில் நின்று சத்தம் போடாமல், அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பாருங்கள்.

தாமிரபரணியும் கடனாநதியும் சேரும் திருப்புடைமருதூரில் ஆற்றங்கரை மருத மரங்களில் பறவைகளும் பழந்தின்னி வௌவால்களும் அடையும். கங்கைகொண்டானில் புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. மானைக் கண்டதும் காலைத் தரையோடு ஊன்றி அசையாமல் நிற்கப் பழக அது நல்ல பள்ளிக்கூடம். இவை எதுவும் பக்கத்தில் இல்லையென்றால் உங்கள் ஊர்க் குளத்தங்கரையே போதும். தாழைக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், மீன்கொத்தி, தவிட்டுக்குருவி, கரிச்சான், செங்குதச் சின்னான் ஆகியவற்றைப் புத்தகம் பார்க்காமல் சொல்ல முடிகிற நாளில் நீங்கள் மலைக்குத் தயார்.

பைனாகுலர்

கேமராவைவிட முதலில் வாங்க வேண்டியது இது. 8x42 என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். 10 மடங்கு, 12 மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் கூடித் தெரியும். பார்வைப் பரப்பும் சுருங்கும். நிழல் மண்டிய மழைக்காட்டில் வெளிச்சத்தை வாங்கிக்கொடுக்கும் அகலக் கண்ணாடிதான் உதவும். 20 மடங்கு என்று திருவிழாக் கடையில் விற்பதைத் தொடவேண்டாம்.

வாங்கியவுடன் ஒரு வேலை இருக்கிறது. பலர் இதைச் செய்வதே இல்லை. வலக் கண் குழாயை மூடிக்கொண்டு, இடக் கண்ணால் தொலைவில் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகி எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடக் குழாயை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக் கண்ணருகே இருக்கும் சிறு வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்களுக்கு அதுதான் அளவு; இனி எப்போதும் நடுச்சக்கரம் மட்டும் போதும். கண்ணாடி அணிகிறவர்கள் ரப்பர் விளிம்பை மடக்கிவிட வேண்டும். அணியாதவர்கள் வெளியே இழுத்துவிட வேண்டும்.

அடுத்தது பழக்கம். பறவையை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டே, கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து பைனாகுலரைத் தேடி எடுத்துவிட்டு நிமிர்ந்தால் பறவை இருந்த கிளையே தெரியாது. மொட்டை மாடியில் நின்று மின்கம்பியில் உட்காரும் கரிச்சானை வைத்து இதைப் பழகலாம்.

மலையை அடுக்கடுக்காகப் பாருங்கள்

கல்லிடைக்குறிச்சியில் நின்று மேற்கே பார்த்தால் மலை ஒரே சுவராகத் தெரியும். உள்ளே அது ஒரே காடு அல்ல. அடிவாரத்தில் முட்புதரும் உடைமரமும். பாபநாசம் சோதனைச் சாவடி தாண்டி ஏறினால், சுமார் 200 மீட்டர் உயரத்தில் முண்டந்துறைச் சமவெளி. இலையுதிர் மரங்களும் புல்லும் கலந்த திறந்த காடு, அருகே காரையாறு, சேர்வலாறு அணைகள். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஏறும் பாதையிலும், களக்காட்டிலிருந்து செங்கல்தேரிக்கு ஏறும் பாதையிலும் மழைக்காடு. அதற்கும் மேலே புல்வெளியும் பாறையும். 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர் மலை.

எந்த உயரத்தில் நிற்கிறோம் என்பது தெரிந்தால் பாதி அடையாளம் தானாக முடிந்துவிடும். கீழே மயில், புள்ளிமான், மிளா, காட்டுப்பன்றி, சாம்பல் மந்தி, கரடி. மேலே சிங்கவால் குரங்கு, கருமந்தி, பெரும் இருவாச்சி, தீக்காக்கை, வெண்வயிற்றுச் சோலைச்சிட்டு. பாறைச் சரிவுகளில் வரையாடு. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலைகளில் மட்டுமே வாழும் அசம்பு சிரிப்பான் என்ற பறவையைப் பார்க்க, உலகத்தில் வேறு எங்கும் போய்ப் பயனில்லை. இந்த மலைத்தொடரின் உயரமான காட்டு ஓரங்களுக்குத்தான் வர வேண்டும்.

முதல் பயணத்துக்கு முண்டந்துறையைச் சொல்வேன். எல்லோரும் மாஞ்சோலையைத்தான் கேட்கிறார்கள். மழைக்காட்டில் குரல் நூறு கேட்கும். உருவம் ஒன்று இரண்டுதான் தெரியும். திறந்த காட்டில் கண்ணும் காதும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும். அங்கே பழகிவிட்டு மேலே ஏறுங்கள்.

எப்போது, யாரைக் கேட்டு

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். வடக்கேயிருந்து வந்த ஈப்பிடிப்பான்களும் கதிர்க்குருவிகளும் ஆறுமணிக்குருவியும் இன்னும் திரும்பியிருக்காது. இருவாச்சிகள் கூடு வைக்கும் காலமும் அதுவே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஊத்து, நாலுமுக்குப் பக்கம் மழை கொட்டித் தீர்க்கும். அப்போது பறவை பார்க்க முடியாது. தென்மேற்குப் பருவத்தில் சாரலும் அட்டையும். ஆனால் அந்த ஈரக் காலத்தின் விடியலில்தான் ஓடைக்கரைப் பாறையில் சீகாரப் பூங்குருவி மனம்விட்டுப் பாடும். அதைக் கேட்பதற்காகவே ஒருமுறை நனையலாம். கோடையில் கீழ்க்காடு காய்ந்து, விலங்குகள் அணை நீரைத் தேடி இறங்கும். அதே காலத்தில் காட்டுத்தீ அபாயமும் உண்டு என்பதால் பாதைகளை மூடிவிடுவார்கள். புலிகள் கணக்கெடுப்பு நடக்கும் நாட்களிலும் நுழைவு நிறுத்தப்படும். ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பெருங்கூட்டம் வரும். அந்த நாட்கள் சாமி கும்பிடப் போகிறவர்களுக்கானவை. பறவை பார்க்க வேறு நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. யாரோ போன வருடம் போனார்கள் என்று நம்பிக் கிளம்பாமல், பாபநாசம், முண்டந்துறை, மாஞ்சோலைப் பக்கத்துக்கு அம்பாசமுத்திரத்திலும், செங்கல்தேரிப் பக்கத்துக்குக் களக்காட்டிலும் உள்ள வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை ரயிலில் ஏறினால் அம்பாசமுத்திரம். அங்கிருந்து பாபநாசத்துக்கு பஸ் கிடைக்கும். பிளாஸ்டிக், மது, ஒலிபெருக்கி எதுவும் உள்ளே போகக் கூடாது. ட்ரோனுக்கும் இடமில்லை. குறித்த பாதையை விட்டு இறங்குவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகக் கொள்ளப்படலாம்.

நடந்து போக அனுமதி கிடைத்தால் கூடவே வேட்டைத் தடுப்புக் காவலரோ வழிகாட்டியோ வருவார். பெரும்பாலும் இந்த மலையின் பழங்குடிகளான காணிக்கார மக்களைச் சேர்ந்தவராகவோ அடிவார ஊர்க்காரராகவோ இருப்பார். வயதில் மூத்தவரை அண்ணாச்சி என்று அழைத்து, அவரை முன்னால் நடக்கவிட்டு, நீங்கள் பின்னால் நடங்கள். அவர் நின்றால் நிற்க வேண்டும். கை தூக்கினால் பேச்சை நிறுத்த வேண்டும். "போவோம்" என்றால் அந்த நொடியே திரும்ப வேண்டும். எதைப் பார்த்தோம் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். அவருக்குத் தெரிந்த மரப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத அறிவு அது. முக்கியமாக, எந்த மரம் இப்போது பழுத்திருக்கிறது என்று கேளுங்கள்.

உடுப்பும் அட்டையும்

மங்கிய பச்சை, பழுப்பு, மண் நிறத்தில் முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, பிடிப்புள்ள காலணி. வெள்ளையும் பளிச்சென்ற சிவப்பும் வேண்டாம். வாசனைத் திரவியம், மல்லிகைப்பூ இரண்டும் வேண்டாம். பாலூட்டிகள் கண்ணால் பார்ப்பதற்கு முன் மூக்கால் பார்த்துவிடும். கரகரவென்று உரசும் மழைச் சட்டையைவிடக் குடை மேல்.

ஈரக்காட்டில் அட்டை ஏறுவது உறுதி. முழங்கால் வரை வரும் நெருக்கமான துணி அட்டையுறையை காலணிக்குள் போட்டு, கால் சட்டைக்கு மேல் கட்டிவிடுங்கள். உறையின் மேல் புகையிலைத் தண்ணீரையோ மூக்குப்பொடியையோ தேய்ப்பது மலையில் வழக்கம். கடித்துவிட்டால் பிடுங்கி இழுக்காமல், நகத்தைத் தோலோடு தோலாக வைத்து அதன் வாய்ப்பக்கத்தை மெல்லத் தள்ளுங்கள், கழன்றுவிடும். இரத்தம் உறையாதபடி அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும். பயப்பட வேண்டாம், கழுவி அழுத்திப் பிடித்தால் நிற்கும். கீழ்க்காட்டில் கவனிக்க வேண்டியது உண்ணி. வீடு திரும்பியதும் குளித்து, அக்குள், இடுப்பு, காது மடல் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள். அடுத்த சில நாட்களில் காய்ச்சல் கண்டால், காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

காதுக்குப் பிறகுதான் கண்

வெளிச்சம் வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். முதல் கால் மணி நேரம் பைனாகுலரைத் தொடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு எத்தனை வகைக் குரல் கேட்கிறது என்று மட்டும் எண்ணுங்கள். "குட்ரூ குட்ரூ" என்று ஓயாமல் ஒலிப்பது சின்னக் குக்குறுவான். இந்தக் குரலை முதலில் கழித்துவிடத் தெரிய வேண்டும், இல்லையென்றால் மற்ற எதுவும் காதில் விழாது. "ஹூ ஹூ ஹூ" என்று மலைச்சரிவையே அதிரவைப்பது கருமந்தி ஆண். கடகடவென்று உலோகத்தைத் தட்டுவதுபோல் கேட்பது மலை அணில். அடக்க முடியாத சிரிப்பாகக் கேட்பது மலபார் சாம்பல் இருவாச்சி. துடுப்புவால் கரிச்சானிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அது பத்துப் பறவைகளின் குரலை எடுத்துப் பேசும்; வல்லூறின் குரலையும் விடாது. பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலியை ஊரிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம்; மலையில் சிக்னல் கிடைக்காது. அது சொல்லும் பெயரைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள், பறவையைக் கண்ணால் பார்க்கும்வரை எழுதாதீர்கள். ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பறவையை வரவழைப்பது கூடவே கூடாது. கூடு வைக்கும் காலத்தில் அந்தப் பறவை, இல்லாத எதிரியோடு சண்டைபோட்டே களைத்துப்போகும்.

மழைக்காட்டில் பறவைகள் சீராகப் பரவியிருக்காது. அரை மணி நேரம் எதுவும் இருக்காது; திடீரென்று நாலாபுறமும் இலை அசையும். மின்சிட்டு, பசையெடுப்பான், மரங்கொத்தி, ஈப்பிடிப்பான், கதிர்க்குருவி, சின்னான் எல்லாம் சேர்ந்து பூச்சி பிடித்துக்கொண்டே நகரும் கலப்பு வேட்டைக்கூட்டம் அது. கரிச்சான் காவலுக்கு வரும். மற்றவை கிளப்பும் பூச்சியை அடித்துத் தின்னும். அப்போது எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று தலையைச் சுழற்றினால் ஒன்றும் பதியாது. கூட்டம் போகும் திசையைக் கவனித்து, அதற்கு முன்னால் வெளிச்சம் விழும் ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து அதையே பாருங்கள். ஒவ்வொன்றாக அந்தக் கிளையைத் தாண்டித்தான் போகும். தண்டில் தலைகீழாக இறங்குவது பசையெடுப்பான். உச்சியில் சிவப்பும் மஞ்சளுமாகச் சிதறுவது மின்சிட்டு ஆணும் பெண்ணும். அடிக்கிளையில் நிமிர்ந்து அசையாமல் உட்கார்ந்திருக்கும் செந்நிற நெஞ்சுக்காரன் தீக்காக்கை.

பழுத்த மரத்தின் எதிரே

காட்டு அத்தி, ஆல் வகை மரங்கள் ஒரே பருவத்தில் பழுப்பதில்லை. ஒவ்வொரு மரமும் தனக்கென்று ஒரு காலம் வைத்திருக்கும். அதனால் எந்த மாதத்திலும் காட்டில் எங்கோ ஒரு மரம் பழுத்திருக்கும். மற்ற பழங்கள் இல்லாத நாட்களில் அதை நம்பித்தான் பாதிக் காடு வாழ்கிறது. மேல்மலையில் இன்னொரு மரத்தை அறிந்துகொள்ளுங்கள்: வெடிப்பலா. துரியன் இனத்தின் உறவு. வறண்ட மாதங்களில் கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பொன்பழுப்பில் பூக்கும். இதழ் கிடையாது, சதைப்பற்றான புல்லிதான் இருக்கும். அதைத் தின்னச் சிங்கவால் குரங்கும் கருமந்தியும் அணிலும் பகலில் வரும். வௌவாலும் மரநாயும் இரவில் வரும். முள் முள்ளான காய் பிறகு வரும். அதன் விதைக்காகச் சிங்கவால் குரங்கு திரும்பவும் வரும்.

பழுத்த மரம் எது என்பதை நிமிர்ந்து தேட வேண்டியதில்லை. தரையைப் பாருங்கள். பாதி கடித்த பழம், புளித்த வாடை, பழ ஈக்கள், குளம்படி. பிறகு இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் திறமை. மரத்தடியில் உட்காரவே கூடாது. கழுத்து ஒடியும், பறவையின் வயிறு மட்டும் தெரியும், விழுந்த பழத்தைத் தின்ன வரும் விலங்குக்கும் நீங்கள் தடை. மலைப்பாதையில் ஒரு வளைவு வரும். கீழ்ப் பள்ளத்தில் வேர்விட்ட மரத்தின் உச்சி அங்கே உங்கள் கண்மட்டத்தில் நிற்கும். அதுதான் இடம். முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, சூரியன் முதுகுப் பக்கம் இருக்க, காற்று மரத்திலிருந்து உங்களை நோக்கி வீச, பாறைக்கோ தடித்த மரத்துக்கோ முதுகைக் கொடுத்து உட்காருங்கள்.

முதலில் வருவது குக்குறுவானும் சின்னான்களும். பச்சைப்புறாக்கள் ஏற்கெனவே அங்கே இருக்கும். இலை நிறமும் புறா நிறமும் ஒன்றாகிவிடுவதால் தெரியாது. ஒரு புறா எட்டிப் பழத்தைப் பறிக்கும்போது சிறகை விரித்துச் சமநிலை பிடிக்கும். அந்த மஞ்சள் கோடு தெரிந்த பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். பிறகு காற்றைக் கிழித்துக்கொண்டு ஓர் இரைச்சல் நெருங்கும்: பெரும் இருவாச்சி சிறகடிக்கும் ஒலி. கிளையில் இறங்கியதும் உடனே தின்னாது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் சுற்றிலும் பார்க்கும். அந்தப் பெரிய அலகின் நுனியால் ஒரே ஒரு பழத்தை நசுங்காமல் கிள்ளி, மேலே எறிந்து, தொண்டையில் வாங்கிக்கொள்ளும். ஆண் பறவை ஒன்றையும் விழுங்காமல் தொண்டை புடைக்கப் பழங்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே திசையில் பறந்து, மறுபடி வந்து, மறுபடி அதே திசையில் பறந்தால், அந்தப் பக்கம் ஒரு மரப்பொந்துக்குள் பெண் அடைபட்டுக் குஞ்சோடு இருக்கிறது என்று பொருள். பின்தொடர்ந்து போகாதீர்கள். பொந்தருகே ஆள் நின்றால் ஆண் தயங்கும். உள்ளே இருப்பவற்றுக்கு உணவு தாமதமாகும். நீங்கள் மரத்தின் எதிரிலேயே இருங்கள். வெயில் ஏறியதும் மலை அணில் வரும், குரங்குகள் வரும். கீழே இலை சரசரத்தால் மிளாவோ காட்டுப்பன்றியோ சருகுமானோ. நான் சொல்வது இதுதான்: ஐந்து கிலோமீட்டர் நடந்தால் பார்ப்பதைவிட, ஒரு காலை முழுவதும் ஒரு மரத்தின் முன் இருந்தால் அதிகம் பார்க்கலாம்.

கருப்புக் குரங்கு இரண்டு

இந்தக் காட்டில் ஐந்து வகைக் குரங்கினங்கள் வாழ்கின்றன; இது பெரிய கொடுப்பினை. நாட்டுக்குரங்கு பாபநாசத்திலேயே உங்களை வரவேற்கும். வறண்ட பகுதியில் சாம்பல் மந்தி, கரிய முகமும் நீண்ட வாலுமாக. தேவாங்கு இரவாடி, டார்ச் அடித்துத் தேடாதீர்கள், அதன் கண்ணுக்கு அது பெரும் வதை.

குழப்பம் மற்ற இரண்டில்தான். சிங்கவால் குரங்கும் கருமந்தியும் இரண்டுமே கருப்பு, இரண்டுமே மேல்மலை மரங்களில். முதலில் வாலைப் பாருங்கள். கிளையிலிருந்து கயிறாக நீளமாகத் தொங்கினால் கருமந்தி. குட்டையாக, நுனியில் குஞ்சத்தோடு இருந்தால் சிங்கவால். முகத்தைச் சுற்றி வெள்ளிநரை பிடரி இருந்தால் சிங்கவால். தலை பொன்பழுப்பாக இருந்தால் கருமந்தி. நடத்தையிலும் தெரியும். கருமந்தி ஒரே பாய்ச்சலில் கிளை முறிய மரம் விட்டு மரம் தாவும். சிங்கவால் கூட்டம் பரவி, பட்டையைப் பெயர்த்து, இலைச்சுருளைப் பிரித்து, பூச்சியும் பழமுமாகத் தேடித் தின்றுகொண்டே நகரும். இடையிடையே "கூ" என்று ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும். இந்தக் குரங்கைக் காப்பதற்காகத்தான் 1976இல் களக்காடு சரணாலயம் உருவானது. எந்தக் குரங்குக்கும் தின்ன ஒன்றும் கொடுக்காதீர்கள். சாலையோரம் கையேந்தப் பழகிய குரங்கு வண்டியில் அடிபட்டுத்தான் சாகும்.

காணாத விலங்கையும் படிக்கலாம்

பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றை நீங்கள் பார்க்க மாட்டீர்கள். அவை விட்டுச் சென்றதைப் பார்ப்பீர்கள். மழை பெய்து ஓய்ந்த காலை, ஓடைக்கரைச் சேற்றில் குனிந்து பாருங்கள். நான்கு விரலும் நகப் பதிவு இல்லாத வட்டத் தடமும் பூனை இனம். நகம் பதிந்து நீளவாக்கில் இருந்தால் செந்நாயோ நாயோ. மயிர் திரிந்து முறுக்கிய எச்சம் நடுப்பாதையில் கிடந்தால் சிறுத்தை அல்லது புலி. கட்டையின் மேலும் பாறையின் மேலும் முழு விதைகளாகக் கிடப்பது மரநாயின் எச்சம். ஆற்றுப் பாறையில் மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்து, மீன் வாடை அடித்தால் நீர்நாய். கரையான் புற்று வேரோடு தோண்டப்பட்டிருந்தால் கரடி. அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தாமல் தொடருங்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன். தடத்தின் அருகே ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டால் பிறகு அளவு தெரியும்.

சிறுத்தையோ புலியோ நகர்வதை மற்றவை சொல்லும். மந்தியின் இருமல் போன்ற குரைப்பு, புள்ளிமானின் கூரிய கூவல், மிளா காலைத் தரையில் தட்டி எழுப்பும் உரத்த ஒலி. ஒருமுறை கேட்டால் பொருட்படுத்த வேண்டாம். விடாமல் கேட்டு, குரல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்தால், அந்தக் கோட்டில்தான் அது நடக்கிறது.

ஆபத்து எது

புலியல்ல. யானை, கரடி, காட்டுமாடு. இம்மூன்றும் எதிர்பாராமல் நெருக்கத்தில் சந்திக்கும்போதுதான் ஆபத்து. கரடிக்குக் கண்பார்வை மந்தம், தின்பதில் மூழ்கியிருந்தால் நீங்கள் வருவதை அறியாது, திடுக்கிட்டால் தாக்கும். புதர் மண்டிய இடத்திலும் திருப்பத்திலும் இயல்பான குரலில் பேசிக்கொண்டே நடப்பது அதற்காகத்தான். பறவை பார்க்கும் இடத்தில் அமைதி, பார்வை மறையும் இடத்தில் பேச்சு. புதிய யானை லத்தியோ, உடைத்த மூங்கிலோ, வயிற்றின் உறுமலோ தெரிந்தால் வந்த வழியே சத்தமின்றித் திரும்ப வேண்டும். ஒரு படம் எடுத்துவிட்டு என்ற எண்ணமே வேண்டாம். குட்டியோடு இருக்கும் எதையும் நெருங்கக் கூடாது. அணைக்கரையிலும் அருவியிலும் நீருக்குள் இறங்காதீர்கள். மேலே பெய்யும் மழை கீழே தெரியாது.

எழுதி வையுங்கள், அனுப்பி வையுங்கள்

சட்டைப்பையில் அடங்கும் குறிப்பேடும் பென்சிலும் போதும். பேனா மை நனைந்தால் ஓடும். தேதி, நேரம், இடம், வானிலை, எண்ணிக்கை, என்ன செய்துகொண்டிருந்தது, எந்த மரத்தில். பெயர் தெரியவில்லையென்றால் அலகின் வடிவம், வாலின் நீளம், கண்ணருகே கோடு உண்டா, சிறகில் பட்டை உண்டா என்று எழுதிக் கோணல்மாணலாக ஒரு படம் வரைந்துவிடுங்கள். நினைவை நம்ப வேண்டாம். இரவு விடுதிக்குப் போனதும் எழுதிக்கொள்ளலாம் என்றால் சின்னானின் புருவம் சிலம்பனுக்குப் போய்விடும்.

பறவைக் குறிப்புகளை, உலகெங்கும் பறவை பார்ப்பவர்கள் பட்டியல் பதியும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் பதியலாம். இருவாச்சிக் கூடு, தேவாங்கு, எறும்புண்ணி ஆகியவற்றின் சரியான இடத்தை மட்டும் எங்கும் வெளியிடாதீர்கள்; வனத்துறையிடம் சொல்லுங்கள். ஜனவரியில் பொங்கல் நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். வீட்டு மாடியிலிருந்தும் கலந்துகொள்ளலாம். குறைந்தது 15 நிமிடம் பார்த்துப் பட்டியலைப் பதிந்தால் சரி. அதே மாதத்தில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கும். 2011இலிருந்து நடந்துவரும் இதை மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் பிற இயற்கை அமைப்புகளோடு சேர்ந்து ஒருங்கிணைக்கிறது. தன்னார்வலர்களைக் குழுக்களாகப் பிரித்து, பழகியவர்களோடு புதியவர்களைச் சேர்த்துக் குளக்கரைக்கு அனுப்புவார்கள். பைனாகுலர் வாங்கியிருக்கிறீர்கள், இன்னும் துணைக்கு ஆள் இல்லை என்றால், டிசம்பரிலேயே விசாரித்து அதில் பெயர் கொடுத்துவிடுங்கள்.